சவலைக் குட்டியும் என் வாயும்

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது திருவண்ணாமலையில் குடியிருந்துகொண்டு, செங்கம் ரோட்டில் தினமும் பஸ் ஏறிப் போய் ஒரு கிராமத்து பால்வாடியில் டீச்சராக இருந்தேன். சம்பளம் கம்மி, வாய் ஜாஸ்தி.

மாதம் ஒருமுறை குழந்தைகளைத் தராசுத் தொட்டிலில் உட்காரவைத்து எடை போடுவோம். ஆடு மேய்க்கும் ஒரு அம்மாவின் இரண்டரை வயதுப் பெண்ணுக்கு மட்டும் மூன்று மாதமாக எடை ஏறவே இல்லை. அந்த அம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும். இடுப்பில் கைக்குழந்தை வேறு. கேட்டால், “அவங்கப்பா மாதிரி ஒடிசல் வாகுங்க டீச்சர்” என்று சிரிப்பார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “ஆட்டைப் பாக்கத் தெரியுது, பெத்த பிள்ளையைப் பாக்கத் தெரியலையா?” என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனவர், அதற்கப்புறம் பால்வாடிப் பக்கமே வரவில்லை.

அடுத்த மாத எடை நாளும் போனது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஒரு பேதியோ காய்ச்சலோ வந்தால் அந்த உடம்பு தாங்காது. சத்துமாவுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஊர்க்கோடியில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன்.

பட்டியில் ஒரு ஆட்டுக்குட்டியை மடியில் போட்டு, துணித்திரியைப் பாலில் நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. ஆனாலும் “உக்காருங்க டீச்சர்” என்று சாக்கை விரித்தார். பேச்சை எப்படி எடுப்பது என்று தெரியாமல் குட்டியைப் பற்றிக் கேட்டேன்.

“ரெட்டையில ஒண்ணுங்க. தாய்க்குப் பால் பத்தாம சவலையா ஆயிடுச்சி. ஒரேடியா குடுத்தா கழிச்சல் வந்துடும். அதான் கொஞ்சம் கொஞ்சமா, அஞ்சாறு வாட்டி.”

“சவலைன்னு எப்படிங்க கண்டுபிடிப்பீங்க?”

“முதுகைத் தடவினா முள்ளு கையில தட்டும்ங்க.”

கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை ஊட்டுங்கள், உடம்பைக் கவனியுங்கள் என்று மாதக்கணக்கில் நான் தாய்மார்களிடம் தொண்டை கிழியச் சொன்ன அத்தனையும் அதில் இருந்தது. “பாப்பா முதுகையும் கொஞ்சம் தடவிப் பாருங்களேன்” என்றேன், இந்த முறை மெதுவாக.

குழந்தையைக் கூப்பிட்டு சட்டைக்குள் கையை விட்டார். கை நடுமுதுகில் அப்படியே நின்றுவிட்டது.

“என் பொண்ணும் சவலைதானா டீச்சர்? சின்னவன் பொறந்ததுலேர்ந்து இவளைத் தூக்கவே நேரமில்லைங்க.”

அவர் அழ, எனக்கும் அழுகை வந்துவிட்டது. அன்றைக்கு அப்படிப் பேசியது தப்புதான் என்று ஒப்புக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து குழந்தைக்குக் காலையில் பால்வாடி, மதியத்துக்குமேல் அம்மாவோடு மேய்ச்சல். சத்துமாவை வெல்லம் போட்டு உருண்டை பிடித்து முந்தானையில் முடிந்துகொள்வார். குட்டிக்கு அஞ்சு வாட்டி என்றால் பெண்ணுக்கும் அஞ்சு வாட்டி. ஆட்டுப்பாலைக் காய்ச்சி ஒரு டம்ளர் அவளுக்கென்று எடுத்துவைத்தார். நாலைந்து மாதத்தில் கன்னம் உப்பி, பால்வாடியில் மற்ற பிள்ளைகளைக் கிள்ளும் அளவுக்குத் தேறிவிட்டாள்.

அதற்கப்புறம் எடை நாளில் முதலில் வந்து நிற்பது அந்த அம்மாதான். மற்ற பிள்ளைகளின் முதுகையும் தடவிப் பார்த்து, “முள்ளு தட்டுது, கவனிச்சுக்கோ” என்று தாய்மார்களிடம் சொல்வார். என் பேச்சை விட அவர் பேச்சுக்கு மரியாதை ஜாஸ்தி. கொஞ்சம் பொறாமைதான், ஆனால் மனசு நிறைந்துபோகும்.

அவருக்குத் தெரிந்தது என்ன என்று அவரிடமே கேட்க எனக்கு நாலு மாதம் ஆனது. அதற்குள் அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று இன்றைக்கும் நினைத்துப் பயப்படுகிறேன்.