எலித் தீனியில் இருந்த ஹார்மோன்

ஹட்டனுக்குப் பக்கத்தில், மூடிப்போன ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில்தான் எங்கள் எலிகள் இருந்தன. கொழுந்து வாட்டிய இடம் என்பதால் காற்று தாராளமாக வரும். நான் கொட்டகலையிலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய் அவற்றோடு மூன்று வருடம் காலந்தள்ளினேன். பதவிக்குப் பெயர் ஆராய்ச்சி உதவியாளர். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் 'எலி டீச்சர்' என்பார்கள்.

மலையில் புல்லுக்கு அடிக்கும் மருந்து மழையில் கரைந்து ஓடையில் சேர்கிறது. அந்தத் தண்ணீர் உடம்புக்குள் போய் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் போல வேலை செய்யுமா என்பது எங்கள் பேராசிரியையின் கேள்வி. சோதனை எளிமையானதுதான். பெண் எலியின் சினைப்பைகளை எடுத்துவிட்டால் அந்த ஹார்மோன் குறைந்து, கர்ப்பப்பை நூலாகச் சுருங்கிவிடும். பிறகு ஒரு வரிசைக்கு ஓடைத் தண்ணீர், இன்னொரு வரிசைக்குச் சுத்தத் தண்ணீர். ஓடைத் தண்ணீர் குடித்தவற்றுக்கு மட்டும் கர்ப்பப்பை பருத்தால், தண்ணீரில் ஏதோ இருக்கிறது.

முதல் தடவை பார்த்தபோது இரண்டு வரிசைக்கும் கர்ப்பப்பை கொழுகொழுவென்று இருந்தது.

பேராசிரியை கண்டிக்காரர். எங்களோடு பழகித் தமிழ் கற்றுக்கொண்டவர். கோபம் வந்தால் மட்டும் சிங்களத்துக்குப் போய்விடுவார். அன்றைக்குச் சிங்களத்திலேயே ஆரம்பித்தார். சினைப்பையை நான் சரியாக எடுக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒவ்வொரு எலியாகத் திரும்பப் பார்த்தேன்; ஒன்றில்கூட மிச்சம் இல்லை. பிளாஸ்டிக்கிலிருந்தும் அந்த ஹார்மோன் மாதிரி ஏதாவது கசியலாம் என்று தண்ணீர்ப் போத்தல்களைக் கண்ணாடிக்கு மாற்றினோம். அடுத்த தொகுதியும் கொழுகொழுதான்.

எலிகளைப் பார்த்துக்கொண்ட அக்கா முன்பு கொழுந்து எடுத்தவர். எலிகளைப் 'புள்ளைங்க' என்றுதான் சொல்வார். ஒருநாள் கூடு கழுவிக்கொண்டே சொன்னார்: "புது மூட்டை வந்ததுலருந்து புள்ளைங்க நல்லா திங்குதுங்க மிஸ். பழைய தீனில இந்த மாதிரி வாசம் வராது."

நேரே ஹட்டன் பஜாருக்கு, தீனி தரும் முஸ்லிம் கடைக்காரரான நானாவிடம் போனேன்.

"நானா, தீனியில ஏதாவது மாத்தினீங்களா?"

"நான் ஒண்டும் மாத்தல்ல புள்ள, கம்பனிதான் மாத்தின. கருவாட்டுத் தூள் கெடைக்குதில்லயாம், இப்ப சோயாதான் கூடப் போடுறாங்க. நல்ல சாமான். கோழியெல்லாம் நல்லா சதை வைக்குது."

"எலியும் வைக்குது நானா. வைக்கக் கூடாத எடத்துல."

அவர் சிரிக்கவில்லை. இன்னொரு மூட்டை வேண்டுமா என்று கேட்டார்.

சோயாவில் இயற்கையாகவே சில பொருள்கள் உண்டு. உடம்பு அவற்றை ஈஸ்ட்ரோஜன் என்று நினைத்து ஏமாந்துவிடும். அதுவும் மூட்டைக்கு மூட்டை அளவு மாறும். எங்கள் எலிகள் அதைத் தினமும் வயிறு முட்டத் தின்றுகொண்டிருக்க, நாங்கள் ஓடையில் தேடிக்கொண்டிருந்தோம்.

அன்றிலிருந்து தீனியை நாங்களே செய்தோம். சோளமா, அரிசிமா, பால்மா, நெத்தலி மீன் தூள். சுற்று வட்டாரத்துப் பூனைகள் எல்லாம் மாடிப்படியில் வந்து உட்கார்ந்தன. பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் ஒருவரும் உட்காருவதில்லை.

இந்தத் தடவை முடிவு விசித்திரமாக இருந்தது. ஓடைத் தண்ணீர் வரிசைக்குக் கர்ப்பப்பை நூல் மாதிரி. சுத்தத் தண்ணீர் வரிசைக்குப் பருமன்! பேராசிரியைக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஓடைத் தண்ணீர் ஹார்மோனைத் தடுக்கிறது, இது பெரிய கண்டுபிடிப்பு என்றார். சினைப்பையும் சோயாவும் இல்லாத எலிக்குத் தடுப்பதற்கு ஹார்மோன் எங்கிருந்து வந்தது என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. கெஞ்சி இன்னொரு தடவை செய்ய அனுமதி வாங்கினேன்.

அந்தத் தொகுதி ஓடிக்கொண்டிருந்தபோது, ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரம் மேலே ஏறினேன். அக்கா தன் சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு, சோயாமீட் கறியைப் பிய்த்துச் சுத்தத் தண்ணீர் வரிசைக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். முதலிலேயே எண்ணெயும் காரமும் போகத் தண்ணீரில் அலசிவிட்டாராம்.

"அக்கா! என்ன செய்றீங்க?"

"இதுங்களுக்கு மட்டும் வெறும் தண்ணிதானே குடுக்குறீங்க மிஸ். மத்ததுங்களுக்கெல்லாம் ஏதோ சத்து மருந்து கலந்தது குடுக்குறீங்க. இதுங்க என்ன பாவம் பண்ணுச்சுங்க?"

தீனி ஏன் மாறியது என்று அவரிடம் நாங்கள் யாருமே சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பேராசிரியையைக் கூட்டி வந்தேன். கேட்டு முடித்தவர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு எல்லாவற்றையும் தமிழிலேயே பொறுமையாக விளக்கினார். அக்கா அவரிடம் கவலையோடு கேட்டார்: "எங்க வீட்டுக்காரரு வாரத்துல நாலு நாள் சோயாமீட்தான் திங்கிறாரு நோனா. அவருக்கு ஏதும் ஆயிடுமா?"

"ஒன்னும் ஆகாது. அவருக்கு நாங்க ஆபரேஷன் பண்ணலயே."

மறுபடி முதலிலிருந்து செய்தோம். இரண்டு வரிசையும் நூல்தான். ஓடைத் தண்ணீர் எங்கள் சோதனைக்குத் தெரிகிற மாதிரி எதையும் செய்யவில்லை. பேராசிரியைக்கு ஏமாற்றம். எங்கள் லயத்துக்கு அந்த ஓடையிலிருந்துதான் குழாய் வருகிறது என்பதால் எனக்கு உள்ளுக்குள் நிம்மதி.

கட்டுரையில் தீனியைப் பற்றியே ஒரு முழுப் பக்கம் எழுதினோம். நன்றி சொல்லும் இடத்தில் அக்காவின் பெயரும் வந்தது. அச்சான தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தார்.

"சோயாமீட் வச்சத எழுதிட்டீங்களா மிஸ்?"

"இல்லக்கா."

"அப்ப எதுக்கு நன்றி?"

"நிறுத்தினதுக்கு," என்றேன்.