ரெனாட்டா போன கதை

கீழுதட்டைக் கட்டைவிரலால் இழுத்துப் பிடித்ததுமே ரெனாட்டாவுக்கு ஆளின் வயது தெரிந்துவிடும். உதட்டுக்குக் கீழே ஊசி குத்தி ஆறிய ஒரு சின்னப் பள்ளம். அதற்கு நேர் பின்னால், ஈறு தேய்ந்து வேர் எட்டிப் பார்க்கும் ஒரு பல். நாற்பதை ஒட்டிய வயது, சந்தேகமே வேண்டாம். "எத்தன வருஷம் உதட்டுல வளையம் மாட்டியிருந்தீங்க?" என்று கேட்பாள். நாற்காலியில் மல்லாந்து கிடக்கும் வங்கி மேலாளருக்கு முகம் சிவந்துவிடும்.

"அது... சின்ன வயசுல... சும்மா ஒரு இதுக்கு..."

"அந்தக் காலத்துச் சோகமெல்லாம் இப்ப ஈறுல வந்து நிக்குது, கண்ணு. வாயத் தொறங்க."

நியூ ஜெர்சியில் நெடுஞ்சாலையோரக் கடை வரிசை ஒன்றில், பிட்ஸா கடைக்கும் நாய்க்கு முடி வெட்டும் கடைக்கும் நடுவே இருக்கிற பல் ஆஸ்பத்திரியில் பல் சுத்தம் செய்வது அவள் வேலை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். ரெனாட்டா மூட முயன்றதே இல்லை. ஊர் வாயைத் திறந்து வைத்து, அதில் எச்சில் உறிஞ்சும் குழாயைச் சொருகி, பதில் பேச முடியாதபடி செய்துவிட்டுத் தன் கருத்துகளைச் சொல்வாள். மாதத்துக்கு ஒருவராவது அவள் சட்டையில் குத்தியிருக்கும் பெயரைப் படித்துவிட்டுக் குழாயோடு குளறுவார்கள். "அந்... எனாட்டா... ஆ?"

"ஆமா, அந்த ரெனாட்டாதான். நாக்க அசைக்காதீங்க."

அந்தச் சுற்றுவட்டாரத்தில், இரண்டாயிரத்துகளின் தொடக்கத்தில் வாலிபத்துக்கு வந்த பையன்களில் பாதிப் பேர் ஈமோ, அதாவது கறுப்பு உடுத்தித் தங்கள் சோகத்தை ராக் மெட்டில் கத்திப் பாடுகிற கூட்டம். கேட்டால் ஒருவனும் ஒப்புக்கொள்ள மாட்டான். "ஈமோவா? நானா? நாங்க சும்மா ராக் வாசிக்கிறோம்" என்பான், சாயம் பூசிய கறுப்பு முடி ஒரு கண்ணை மூடியிருக்க, மற்றக் கண்ணில் மை வழிய. ஒப்புக்கொள்ளாததுதான் அடையாளம் என்பது ரெனாட்டாவின் கட்சி. "நான் குடிக்கவே இல்லன்னு தள்ளாடிக்கிட்டே சத்தியம் பண்றவன் மாதிரிதான்" என்பாள்.

கருத்துகளுக்கு அவளிடம் பஞ்சமே கிடையாது. நெற்றி முடியைப் பற்றி: "ஒத்தக் கண்ணால வண்டி ஓட்டி எங்க தெரு தபால் பெட்டி மொத்தத்தையும் சாச்சானுங்க. அதுக்கும் ஊருதான் தங்களப் புரிஞ்சுக்கலன்னானுங்க." ஆணி வைத்த பெல்ட்டைப் பற்றி: "உக்காந்தா சோபா கிழியும். எங்க அத்தை வாசல்லயே கழட்டி வாங்கி வச்சிருவாங்க, துப்பாக்கிய வாங்குற மாதிரி." சோகத்தைப் பற்றி: "அப்பன் கட்டின வீடு, அப்பன் கார் நிறுத்துற ஷெட்டு. அம்மா செஞ்சு குடுத்த சாண்ட்விச்சத் தின்னுட்டு, எனக்கு யாருமே இல்லன்னு அதே ஷெட்டுல மைக்கப் புடிச்சுக்கிட்டு நின்னு அழுவானுங்க. சத்தம் போடாதடான்னு மாடியிலருந்து அந்த அம்மாதான் கத்தும்."

நியாயமும் பேசுவாள். அவளுடைய அப்பா அழுது அவள் பார்த்ததே இல்லை. ஆலையை மூடி வேலை போனபோதும் மனுஷன் புல்லை வெட்டிக்கொண்டிருந்தார். "இவனுங்களாவது அழுதானுங்க. அது நல்லதுதான். என்ன, அழுகைய முழுக்க ஆம்பளைங்களே எடுத்துக்கிட்டானுங்க. பொண்ணுங்க கையில மைக்கக் குடுக்கல, அவனுங்க கோட்டக் கழட்டிக் குடுத்தானுங்க. நாங்க செவுத்தோரமா கோட்டத் தூக்கிக்கிட்டு நின்னு, எங்களத் திட்டுற பாட்டுக்குத் தலைய ஆட்டினோம்."

கடைசி வாக்கியம் ஊரைப் பற்றிய பொதுப் பேச்சு அல்ல. அவள் கணவன் பிரெண்டன் இன்று வீடு வீடாக ஏ.சி. பழுது பார்ப்பவன். அன்று 'மன்னிக்காத செவ்வாய்க்கிழமை' என்ற குழுவின் பாடகன். அந்தக் குழுவின் பாட்டுகளில் ஊருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. 'ரெனாட்டா, போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போ, உள்ளே என் இதயம் குளிரில் கிடக்கிறது.' இது தலைப்பு மட்டும். பாட்டு இதைவிடக் கொஞ்சம்தான் நீளம். ரெனாட்டா என்கிற கல்நெஞ்சக்காரி, அழுகிற காதலனை நடுக்குளிரில் நிறுத்திவிட்டு பஸ் ஏறிப் போகிறாள். பல்லவி வரும்போது வாத்தியங்கள் எல்லாம் நின்றுவிடும். பாடகன் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுவான். முன்வரிசை ஆரம்பிக்க, மண்டபமே தொண்டை கிழியக் கத்தும்: "ரெனாட்டா, போ! திரும்பிப் பாக்காம போ!"

"போன்னும் சொல்றான், போனதுக்கும் திட்டுறான்" என்பது ரெனாட்டாவின் விமர்சனம். "அதவிட, எல்லாத்தையும் அள்ளிக்கிட்டுப் போயிட்டாள்னு ஒரு வரி வருது பாருங்க, அதப் பாடும்போது அவன் போட்டிருந்தது என்னோட ஜீன்ஸு."

நடந்தது இதுதான். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. பக்கத்து மாநிலத்தில், ஸ்க்ரான்டன் ஊரில் தனியாக இருந்த அவள் அம்மா பனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ரெனாட்டா பிரெண்டனைக் கூட வரச் சொன்னாள். சனிக்கிழமை நிகழ்ச்சி இருந்தது, அதற்கு முன்னால் ஒத்திகை இருந்தது, அவன் வரவில்லை. அவள் தனியாக பஸ் ஏறினாள். அம்மாவைக் கழிப்பறைக்குக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போய், முதுகு துடைத்துவிட்டு, ஊன்றுகோல் இல்லாமல் அவள் நடக்கிற வரைக்கும் இருந்துவிட்டுத் திரும்பி வந்தாள். பஸ் நிலையத்துக்கு பிரெண்டன் வந்திருந்தான், கையில் ஒரு குறுந்தகடோடு. "உனக்காக ஒரு பாட்டு எழுதியிருக்கேன்" என்றான். பெருமை தாங்கவில்லை அவனுக்கு.

அவள் முதலில் சிரித்துவிட்டாள். பிறகு கொஞ்ச நேரம் காத்திருந்தாள், 'அம்மா எப்படி இருக்காங்க?' என்று கேட்பான் என்று. அவன் கேட்கவில்லை. டிரம்ஸ் சத்தம் சரியாகப் பதிவாகவில்லை என்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வண்டியை ஓட்டினான். அந்த வலி அவளுக்கு இன்னும் இருக்கிறது. அதற்காக அவனைக் கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்துவிடவில்லை. நல்லவன், அவளைச் சிரிக்க வைப்பவன், பின்னால் அதே மாமியாரைத் தன் வீட்டுக்கே கூட்டி வந்து கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டவன். ஆனால் குறுந்தகடு அதற்குள் ஊரெல்லாம் போய்விட்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஒருமுறை அவனிடமே கேட்டாள், பாட்டில் அம்மாவையே காணோமே என்று. "ஆஸ்பத்திரின்னு போட்டுப் பாத்தேன் ரென், மெட்டுல உக்காரல" என்றான்.

இவ்வளவு காலம் அவள் பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள். சிக்கல் வந்தது மகள் டெஸ்ஸால். பதினான்கு வயசு டெஸ் போன குளிர்காலத்தில் கைபேசியில் ஈமோவைக் கண்டுபிடித்தாள். தான்தான் முதலில் கண்டுபிடித்தது என்பது அவள் நினைப்பு. சமையலறைக் கத்திரிக்கோலால் நெற்றி முடியைக் கோணலாக வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். ரெனாட்டா அவளை ஸ்டூலில் உட்கார வைத்து, கோணலை இன்னும் அழகான கோணலாக்கி விட்டாள். "உனக்கு இதெல்லாம் புரியாதும்மா" என்றாள் மகள், அம்மா அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருந்த பழைய ஆணி பெல்ட்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டே.

அப்புறம் ஒருநாள் காலையில், பன்றி இறைச்சியும் முட்டையும் வைத்த ரொட்டியைத் தொடாமலேயே தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள். "அப்பா அவ்ளோ அழுதிருக்காரு. நீ எதுக்கும்மா விட்டுட்டுப் போன?"

ரெனாட்டா ரொட்டித் தட்டைத் திரும்ப மகள் பக்கம் நகர்த்தினாள். ஒரே ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். ஆனால் குற்றவாளி சொன்னால் அது சாக்கு. எழுதியவன் சொன்னால்தான் அது உண்மை. வாயை வைத்துப் பிழைக்கிறவளுக்கு இந்த வித்தியாசம் தெரியும். "உங்கப்பாவையே போய்க் கேளு. எழுதினவரு அவருதான?" என்றாள்.

டெஸ் கேட்டாள். பிரெண்டன் குளிர்பதனப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு, "கலைன்னா அப்படித்தாண்டா செல்லம், எல்லாத்தையும் நேரா எடுத்துக்கக் கூடாது" என்று எதையோ தேடினான். மகள் அதை அப்பாவின் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் அறைக்குள் அந்தப் பாட்டு இன்னும் சத்தமாகக் கேட்டது. 'போ' என்கிற இடத்தில் கதவே அதிர்ந்தது.

கார் ஷெட்டில் ரெனாட்டா கணவனை மடக்கினாள். "ஊரு என்ன நெனச்சா எனக்கென்ன, பிரெண்டன். எம் பொண்ணு நெனைக்கக் கூடாது. நீயே சொல்லிரு."

"எப்படிச் சொல்றது, ரென்? அவ என்னை என்னன்னு நெனைப்பா?"

"இத்தன வருஷமா என்னை நெனச்சாங்கல்ல, அந்த மாதிரி நெனைப்பா. ஒண்ணும் செத்துற மாட்ட."

பாட்டின் இருபதாவது ஆண்டுக்கு 'மன்னிக்காத செவ்வாய்க்கிழமை' மறுபடி கூடியது, அந்தக் காலத்தில் வாசித்த அதே முன்னாள் ராணுவத்தினர் மண்டபத்தில், ஒரு சனிக்கிழமை. முன்பெல்லாம் இருட்டியபிறகு தொடங்குவார்கள். இப்போது மாலை நான்கு மணிக்கே ஆரம்பம். பிள்ளை பார்த்துக்கொள்கிற பெண் எட்டு மணிக்கு மேல் இருக்க மாட்டாள், இடுப்பும் தாங்காது. கண்ணை மறைத்த முடியெல்லாம் போய், நெற்றிகள் மட்டும் வந்திருந்தன. கறுப்புச் சட்டைகள் வயிற்றில் இறுகின. ஒரு காலத்தில் உதட்டில் வளையம் மாட்டியிருந்தவர்கள் காதுக்குப் பஞ்சு கொண்டு வந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருந்தவரிடம், தான் அந்தக் காலத்தில் உண்மையில் ஈமோ இல்லை என்று விளக்கிக்கொண்டிருந்தார்கள். செத்துப்போன சிப்பாய்கள் சுவரில் சட்டத்துக்குள்ளிருந்து இதையெல்லாம் பார்த்தார்கள்.

ரெனாட்டா பின்னால், டி-ஷர்ட் விற்கிற மேசையில். கோட்டுச் சுமந்தவளுக்குக் கிடைத்த பதவி உயர்வு என்று சொல்லிக்கொள்வாள். சட்டையின் முதுகில் 'ரெனாட்டா, போ!' என்று வெள்ளை எழுத்து. "பெரிய சைஸு இருக்கா?" என்று கேட்டவனுக்குத் தன் பெயரைத் தானே மடித்துக் கொடுத்தாள். டெஸ் முன்வரிசையில் மேடையை ஒட்டி நின்றாள், நகங்களில் உரிந்துபோன கறுப்புச் சாயத்தோடு.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் பிரெண்டன் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "இந்தப் பாட்டப் பத்தி ஒண்ணு சொல்லணும்" என்றான். கூட்டம் ஊளையிட்டது. "அன்னைக்கு அவ சும்மா போகல. அவங்கம்மாவுக்கு இடுப்பெலும்பு ஒடஞ்சிருந்துச்சு. என்னைக் கூப்பிட்டா. எனக்கு ஒத்திகை இருக்குன்னு நான் போகல."

"அதுக்கும் ஒரு பாட்டு எழுதுடா!" என்று யாரோ கத்த, மண்டபம் சிரித்தது.

பிரெண்டன் சிரிக்கவில்லை. "அவ திரும்பி வந்தப்போ, உங்கம்மா எப்படி இருக்காங்கன்னுகூட நான் கேக்கல" என்றான். குரல் பிசிறியது.

 அப்புறம் கைதட்டல் இடித்தது. விசில் பறந்தது. ஒரு ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இதான்டா ஈமோ!" என்றான். கொலை செய்தேன் என்று குரல் உடையச் சொன்னாலும் கைதட்டுகிற கூட்டம் அது. ஒப்புக்கொண்டதும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்றே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ரெனாட்டாவுக்கு வாய்விட்டுச் சிரிக்கலாம் போலவும், மேசைக்கு அடியில் உட்கார்ந்து அழலாம் போலவும் இருந்தது. கைதட்டாமல் நின்ற ஒரே ஆளை அவள் பார்த்தாள். டெஸ் அப்பாவையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பாட்டு ஆரம்பித்தது. பஸ் வந்தது, குளிர் அடித்தது, கல்நெஞ்சக்காரி ஏறினாள். வாத்தியங்கள் நின்றன. வழக்கம்போல பிரெண்டன் குனிந்து மைக்கை முன்வரிசைக்கு நீட்டினான். அது மகளின் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

டெஸ் கையை நீட்டி, மைக்கின் தலையை உள்ளங்கையால் பொத்தினாள். ஒலிபெருக்கியில் 'டொப்' என்று ஒரு சத்தம். அவள் அழுதுகொண்டிருந்தாள். அருகில் நின்றவர்களுக்கு அது யார் மகள் என்று தெரியும். திறந்த வாய்கள் திறந்தபடியே நின்றன. முன்வரிசை ஆரம்பிக்காததால் பின்வரிசைக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.  மேடை ஓரத்தில் குனிந்த நிலையிலேயே, நாற்பது வயசுப் பிரெண்டன் அத்தனை தலைகளுக்கும் மேலாகப் பின்னால் மேசையைப் பார்த்தான். போக வழி தெரியாத பத்தொன்பது வயசுப் பையனின் முழி அது.

ரெனாட்டா பாதி மடித்திருந்த சட்டையை மேசையில் போட்டாள். இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டாள். சுருதி ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கமாக, மைக் இல்லாமல், "ரெனாட்டா, போ!" என்று அடிவயிற்றிலிருந்து கத்திவிட்டு, ம், பாடுங்க என்று ஊருக்குக் கையை ஆட்டினாள்.