நாலாவது பெட்டி

மதுரைப் பக்கம் கீபோர்டு என்று ஒன்றைக் காட்டினால் முதலில் வரும் கேள்வி இதுதான்: "எத்தன டோன் இருக்கு?" நாதஸ்வரம் வருமா, தவில் வருமா, குயில் கூவுமா என்று அடுத்தடுத்துக் கேட்பார்கள். எப்படி வாசிப்பது என்று ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை. டோன் என்றால் எவரோ எப்போதோ பிடித்து உள்ளே அடைத்து வைத்த சத்தம். கட்டையை அழுத்தினால் அது வரும். பென்டிரைவைச் செருகினால் இன்னும் ஐம்பது ஏறும். இட்லிமாவு பாக்கெட் வாங்குகிற மாதிரி டோன் வாங்குகிறார்கள். அதை வாங்கி வந்து அழுத்துகிறவனுக்குப் பெயர் கீபோர்டு பிளேயர்.

என் பெட்டியில் டோன் கிடையாது. தகராறு எல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

நான் ஒன்பதாவதோடு நின்றவன். லாரியில் கிளீனராகப் போனேன், திருப்பூரில் சாயப்பட்டறையில் இருந்தேன், அங்கிருந்து பெங்களூரில் பழைய எலெக்ட்ரானிக்ஸ் சாமான் உடைக்கிற ஒரு குடோனுக்குப் போனேன். படுக்கையும் அங்கேயேதான். எலிகள் காலைக் கடிக்கும் என்பதால் சாக்கைச் சுற்றிக்கொண்டு தூங்குவோம். அந்தக் குடோனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சில இளைஞர்கள் வருவார்கள். நல்ல செருப்பு, நல்ல ஆங்கிலம். மின்சாரத்தால் சத்தம் உண்டாக்குகிற பழைய சிந்தசைசர் ஏதாவது கிடக்கிறதா என்று குப்பையைக் கிளறுவார்கள். ஆசிலேட்டர், ஃபில்டர் என்று அவர்கள் பேசுவதைக் காதில் வாங்கிக்கொண்டே நான் ஈயம் உருக்கிக்கொண்டிருப்பேன். அவர்கள் விட்டுவிட்டுப் போன செத்த சிந்தசைசர்களின் குடலை எடுத்து நான் ஒன்று செய்தேன். மூன்று வருசம் செய்தேன் என்று சொன்னால் பெருமையாக இருக்கும். உண்மையில் பாதி நாள் வேறு வேலை தேடி அலைந்துகொண்டிருந்தேன்.

அதற்குக் கூடு கிடைக்கவில்லை. பழைய மரக்கடையில் மூடி போட்ட மரப்பெட்டி ஒன்று கிடந்தது, பித்தளைக் கொக்கியோடு. அதற்குள் எல்லாவற்றையும் வைத்தேன். மூடியைத் திறந்தால் மூன்று வரிசைக் குமிழ்கள். கட்டைகள் கிடையாது. அவற்றுக்குப் பதிலாக அருகருகே இரண்டு பித்தளைத் தகடு, நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி. இரண்டையும் சேர்த்து விரல் வைத்தால் விரலின் ஈரம் வழியாக மின்சாரம் பாய்ந்து சத்தம் வரும். அழுத்தினால் குரல் ஏறும், தளர்த்தினால் இறங்கும். வேர்த்த விரலுக்கு ஒரு குரல், காய்ந்த விரலுக்கு ஒரு குரல். அதற்கு ஞாபகசக்தி கிடையாது. குமிழ்கள் எங்கே நிற்கின்றனவோ அதுதான் சத்தம். ஒன்றைத் திருகிவிட்டால் போனது போனதுதான். வழியில் கரண்ட் இருக்காது என்பதால் உள்ளே ஒரு பேட்டரியும் சின்ன ஸ்பீக்கரும் வைத்திருந்தேன். வெளியே ஆம்பிளிஃபயருக்கு வயர் செருகினால் அந்த ஸ்பீக்கர் வாயை மூடிக்கொள்ளும், வயரை உருவினால் மறுபடி பேசும்.

மதுரைக்குத் திரும்பியதும் காளவாசலில் அறை எடுத்திருந்த ஓர் இன்னிசைக் குழுவில் ஒட்டிக்கொண்டேன். ஸ்பீக்கர் தூக்குவது, வயர் சுற்றுவது என் வேலை. குழுவை நடத்தியவர்தான் கீபோர்டும் வாசித்தார். என் பெட்டியைப் பார்த்த அன்று சிரித்தார்.

"மாப்ள, இதுல கட்ட எங்கடா?"

"கட்ட இல்லண்ணே."

"ரிதம்?"

"அதுவும் இல்லண்ணே."

"அப்ப இதுக்குள்ள என்னதான்டா இருக்கு? துணி வச்சுக்கிறதுக்கா?"

அதன்பின் அந்த அறையில் அது துணிப்பெட்டி ஆனது.

மாசியில் எழுமலைக்கு மேற்கே ஒரு கிராமத்தில் கச்சேரி. அந்தப் பக்கத்துக் கோவில்களில் சாமி பெட்டியில்தான் இருக்கும். சாமியின் துணிமணி, நகை, மணி எல்லாம் மரப்பெட்டிகளில் வைத்து ஊருக்குள் ஓர் அறையில் பூட்டியிருப்பார்கள். மாசித் திருவிழாவுக்கு அந்தப் பெட்டிகளைத் தலையில் சுமந்து காட்டுக்கோவிலுக்குக் கொண்டுபோவார்கள். விழா முடிந்ததும் திரும்பச் சுமந்து வந்து பூட்டிவிடுவார்கள். பூட்டினால் அடுத்த மாசிக்குத்தான் திறப்பு. அந்த ஊருக்கு மூன்று பெட்டி.

முதல் நாள் கச்சேரி முடிந்துவிட்டது. மறுநாள் மத்தியானம் நாங்கள் காட்டுக்கோவில் முன்னால் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தோம். பெட்டி திரும்ப வேண்டிய நேரம். அதற்கு முன் சாமியாடிக்குச் சாமி வர வேண்டும், அப்போதுதான் பெட்டி நகரும். சாமி வர உறுமி வேண்டும். உறுமிக்காரர்கள் காலையிலேயே இன்னொரு ஊரில் ஒத்துக்கொண்டு போய்விட்டார்கள், போனையும் அணைத்துவிட்டார்கள். விழாக் கமிட்டித் தலைவர் வெள்ளைவேட்டி நனைய நனைய எங்களிடம் வந்தார்.

"ஏப்பா, ஒங்க கீபோர்டுல உறுமி இருக்கும்ல?"

"இல்லாமயா தலைவரே? ரெண்டு டோன் இருக்கு" என்றார் எங்கள் அண்ணன்.

கீபோர்டை மறுபடி விரித்தார். உறுமி ஒன்று. துவைத்துத் தேய்த்து மடித்த மாதிரி ஒரு சத்தம். சாமியாடி பால் சொசைட்டியில் பால் அளக்கிற மனிதர், ஐம்பது வயதிருக்கும். மாலையோடு நின்றுகொண்டு கேட்டார். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி தலையை ஆட்டினார்.

"வரல."

உறுமி இரண்டு போட்டார்.

"வரலப்பா."

அவசரத்தில் அண்ணன் வேறெதையோ அமுக்க, தபலா வந்தது. பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. "சாமிய டான்ஸ் ஆடச் சொல்றாகளாக்கும்" என்று ஒரு அக்கா சொன்னது மைக் வரைக்கும் கேட்டது.

நான் யாரையும் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து வயரைச் செருகினேன். உறுமி அடித்து வருகிற சத்தம் இல்லை, தேய்த்து வருகிற சத்தம். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து இழுப்பார்கள். என் தகட்டில் விரலும் அப்படித்தான் தேயும். குமிழ்களை ஒவ்வொன்றாகத் திருகி அந்த உறுமலைத் தேடிப் பிடித்தேன். வெயிலில் விரல் நன்றாக வேர்த்திருந்தது. கீழேயிருந்து மெல்ல இழுத்தேன். சாமியாடியின் கெண்டைக்காலில் ஒரு சதை துடித்தது. அதைப் பார்த்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் இழுத்தேன், விட்டேன், மறுபடி இழுத்தேன். மனிதர் துள்ளினார். குலவை கிளம்பியது. கூட்டம் முன்னால் பாய்ந்தது. நான் வழியில் குத்தவைத்திருந்தேன். தலைவர் என்னைப் பார்த்துக் கத்தினார்: "ஏய், தள்ளுடா அங்கிட்டு!"

ஒரு கையால் பெட்டியை இழுத்துக்கொண்டு, மறுகை விரலைத் தகட்டிலிருந்து எடுக்காமல் தள்ளினேன்.

பெட்டி நகரும் என்று ஆனதும் அண்ணன் ஸ்பீக்கர்களை வேனில் ஏற்றச் சொன்னார். ஏற்றிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். என் இடத்தில் வயர் மட்டும் கிடந்தது, நாயைக் கொண்டுபோனவன் சங்கிலியை விட்டுவிட்டுப் போன மாதிரி.

ஐஸ் விற்றுக்கொண்டிருந்தவரைக் கேட்டேன். "பெட்டியெல்லாம் ஊருக்குள்ள போயிருச்சேப்பா" என்றார். ஊருக்குள் ஓடினேன். வெடி, குலவை, குழாய் ஸ்பீக்கர் எல்லாம் சேர்ந்து காதைப் பிய்த்தன. பெட்டி அறைக் கதவு பூட்டியிருந்தது. சாவி பூசாரியின் இடுப்பில் தொங்கியது. போனது மூன்று பெட்டி, வந்தது நான்கு. சந்தனம் பூசி மாலை போட்ட மரப்பெட்டி நான்கைத் தலையில் தூக்கி வந்திருக்கிறார்கள், ஒருவர்கூட எண்ணவில்லை.

"தலைவரே, உள்ள என் பெட்டி இருக்கு" என்று ஸ்பீக்கர் சத்தத்துக்கு மேலே கத்தினேன்.

"எந்தப் பெட்டி?"

"வாசிச்சேன்ல, அது."

அவர் பூசாரியைப் பார்த்தார். பூசாரி தரையைப் பார்த்தார்.

"சந்தனம் வச்சாச்சா அதுக்கு?"

"நாந்தேன் வச்சேன். சாமிய எறக்குன பெட்டியாச்சே" என்றார் பூசாரி.

"அப்ப என்ன செய்ய? உள்ள போனா அடுத்த மாசிக்குத்தேன் தொறப்பு. ஒனக்காகத் தொறந்தா ஊருக்கு ஆகாது. பத்திரமா இருக்கும், எலி கூட அண்டாது. அடுத்த மாசிக்கு வா, சாப்பாடெல்லாம் போடுறோம்."

அவருடைய மோட்டார் சைக்கிளை யாராவது மாலை போட்டு உள்ளே வைத்திருந்தால் அடுத்த மாசி வரை நடந்தே போவாரா என்று கேட்டேன். கேட்டது தப்பாகிவிட்டது. நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். பின்னாலேயே வந்த எங்கள் அண்ணன் என்னைத் தனியாக இழுத்துப் போனார். எனக்காகப் பேசுவார் என்றுதான் நினைத்தேன்.

"மாப்ள, விடுறா. அடுத்த வருசக் கச்சேரியும் நமக்குத்தேன்னு வாக்குக் குடுத்துட்டாரு. போறதுக்குள்ள அந்த டோன மட்டும் எனக்கு பென்டிரைவ்ல ஏத்திக் குடுத்துரு."

"பெட்டியே உள்ள கெடக்குண்ணே."

"அதேன், டோன மட்டும்."

"அண்ணே, அதுல டோனே கிடையாது. நானாத் தேச்சது அது."

"தரமாட்டேன்னு சொல்லு. அம்புட்டுத்தேன? எதுக்கு இந்த வஞ்சகம்?"

இதைக் கேட்டபோது வந்த ஆத்திரம் பெட்டி போனதைப் பார்த்தபோது வரவில்லை. பூட்டியவர்களுக்காவது ஒரு வழக்கம் இருந்தது. இவருக்கு எதிரேதான் உட்கார்ந்து இழுத்தேன்.

சாமியாடி மாலையைக் கழற்றிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு இருந்த ஒரே சாட்சி அவர்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஐயா, என் விரல் இழுத்த எடத்துலதான ஒங்களுக்கு வந்துச்சு? நீங்க சொன்னா தலைவரு கேப்பாரு."

அவர் என்னை நல்ல மனதோடுதான் பார்த்தார். "தம்பி, எறங்குனதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காதுப்பா. நீ யாரு, மைக்செட்டா?"

ஞாபகம் இல்லாத ஒரு பெட்டி, ஞாபகம் இல்லாத ஒரு சாட்சி. நான் எழுந்து கதவுக்குப் போய்ச் சாய்ந்து நின்றேன். வேன் போனால் போகட்டும், அடுத்த மாசி வரை இங்கேயே நிற்கிறேன் என்று சொன்னேன். அடித்தாலும் நகர்வதாக இல்லை. அடி எனக்குப் புதிதில்லை.

அப்போது குழாய் ஸ்பீக்கரை நிறுத்தினார்கள். ஊர் சட்டென்று அமைதியானது. கதவுக்குப் பின்னாலிருந்து ஓர் உறுமல் கேட்டது. விடாமல், ஒரே இழுப்பாக.

பூசாரியின் கை இடுப்புச் சாவிக்குப் போனது, திரும்பியது. எனக்குப் புரிந்துவிட்டது. நான் அதை அணைக்காமல், மூடியும் போடாமல் போயிருந்தேன். பொட்டு வைக்க இடம் தேடியவர் பளபளவென்று இரண்டு தகட்டைப் பார்த்தால் விடுவாரா? ஈரச் சந்தனத்தை இரண்டின் மேலும் சேர்த்து அப்பியிருக்கிறார். விரல் செய்கிற வேலையைச் சந்தனம் செய்கிறது. தூக்கும்போது வயர் உருவிக்கொண்டதால் உள் ஸ்பீக்கர் பேசுகிறது. வழியெல்லாம் பேசியிருக்கும், வெடிச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

"சந்தனம்ங்க! ஈரச் சந்தனம்! அது காயக் காயச் சத்தம் கீழ எறங்கும், கேட்டுக்கிட்டே இருங்க" என்றேன். சொன்ன மாதிரியே குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. நான் சொன்னது நடந்ததால் என்னை நம்புவார்கள் என்று நினைத்தேன். என்னைவிட்டு இரண்டடி தள்ளி நின்றார்கள்.

டீ கிளாஸ் விழுந்தது. பால் சொசைட்டிக்காரருக்கு மறுபடி வந்துவிட்டது. கதவை ஓங்கி அறைந்தார்.

"எவன்டா எம் பக்கத்துல? எவன் குரல்டா அது? வெளிய போடுங்கடா!"

கதவு திறந்தது. இவ்வளவு நேரமும் என் வாயால் சொன்னது இதே சேதிதான். சாமி சொன்னால் ஒரு வரி போதும், வயர் சுற்றுகிறவன் சொன்னால் அது குடிகாரன் பேச்சு. பெட்டியைக் கொண்டுவந்து, கையில் கூடத் தராமல், மண்ணில் வைத்தார்கள். "எடுத்துட்டுப் போயிருப்பா, மறுபடி இந்தப் பக்கம் கொண்டாராத" என்றார் தலைவர். சாப்பாடு போடுகிறேன் என்றவர் அவர்தான்.

மாலையை எடுத்து மூடியைத் திறந்தேன். ஒவ்வொரு குமிழ் மேலும் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம். விரலால் சுழற்றிச் சுழற்றி வைத்த பொட்டு. பொட்டோடு சேர்ந்து குமிழ்களும் சுழன்றிருந்தன, ஒன்றுகூடப் பழைய இடத்தில் இல்லை. காளவாசல் அறையில் தின்னர் போட்டுத் துடைத்து, நாள்கணக்கில் திருகிப் பார்த்தேன். அந்த உறுமல் வரவில்லை. பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றுவிடும். அதன்பின் அந்தக் குழுவில் நான் இருக்கவில்லை.

போன மாதம் அழகர்கோவில் போகிற ரோட்டில் ஒரு செல்போன் கடைத் திறப்பு. வாசலில் ஒரு கீபோர்டுக்காரர். நடந்து போனவன் நின்றேன். என் உறுமல். விழாவில் யாரோ போனில் வீடியோ எடுத்திருக்கிறார்கள், அதிலிருந்து வெட்டி டோனாக்கியிருக்கிறார்கள். கிட்டே போய், இது ஏது என்று கேட்டேன்.

"சாமி டோன்ணே. எல்லார்ட்டயும் இருக்கே, ஒங்கள்ட்ட இல்லயா? பென்டிரைவ் வச்சிருக்கீங்களா?"

என்னிடம் பென்டிரைவ் இல்லை. அவர் கட்டையை அழுத்தினார். ஏறாமல், இறங்காமல், ஒவ்வொரு முறையும் அதே அளவு வந்து நின்றது. முடிகிற இடத்தில் தூரத்தில் ஒரு ஆள் குரலும் சேர்ந்து வந்தது. "கடைசியில ஏதோ பேச்சு கேக்கும்ணே, அது கூடவே வர்றது, வெட்ட முடியல" என்று சிரித்துக்கொண்டே மறுபடி அழுத்தினார். கடைக்கு வந்தவர்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்கள்.

"ஏய், தள்ளுடா அங்கிட்டு!"

அது என்னைப் பார்த்துச் சொன்னது.