ரெண்டுதடவையார் கொடுத்த ரைட்

பேருந்துப் பணிமனையில் அவரைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாருமில்லை. ரெண்டுதடவையார் என்றால்தான் வாட்ச்மேனுக்கே தெரியும். முப்பத்திரண்டு வருடம் நடத்துநர் வேலை. முன்வாசலில் தலையை நீட்டிப் பார்ப்பார், பின்வாசலில் பார்ப்பார், மறுபடி முதலிலிருந்து இன்னொரு தடவை பார்ப்பார். அதற்கப்புறம்தான் "போலாம், ரைட்!" என்பார். அந்தக் குரல் இருக்கிறதே, அப்பப்பா, அடுத்த நிறுத்தத்தில் நிற்பவர்கள் கூடப் பையைத் தூக்கிக்கொள்வார்கள். "மூணாவது தடவையும் பார்த்துடுங்க சார், குறையாப் போயிடப்போகுது" என்று ஓட்டுநர்கள் கிண்டலடிப்பார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

காரணம் இல்லாமல் இல்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒருநாள் பின்படியைப் பார்க்காமல் ரைட் கொடுத்துவிட்டார். கைப்பிடியை மட்டும் பிடித்திருந்த ஒரு அம்மாள் ரோட்டில் விழுந்து மணிக்கட்டு முறிந்துபோனது. அந்த அம்மாள் திட்டித் தீர்த்திருந்தால் பத்து நாளில் மனுஷன் மறந்திருப்பார். "பரவாயில்லப்பா, நீ என்ன வேணும்னேவா செஞ்சே" என்று சொல்லித் தொலைத்தாள். அதோடு பயம் அவரோடு வீட்டுக்கும் வந்து குடியேறிவிட்டது. கேஸ் அடுப்பு, கதவுப் பூட்டு, மகளின் ஷூ நாடா என்று எல்லாமே ரெண்டு தடவை.

ஓய்வு பெற்று இரண்டு மாதம் ஆகியும் அவர் ஜன்னலோரம் நின்று தெருவில் போகிற பேருந்துகளை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாமல் மகள் மேகக்காட்டு சாகசப் பூங்காவுக்கு மூன்று டிக்கெட் எடுத்துவிட்டாள். மலையுச்சிக் காடு அது, வருடத்தில் பாதி நாள் மேகத்துக்குள்ளேயே இருக்கும். அங்கே மரத்துக்கு மரம் கம்பி கட்டியிருக்கிறார்கள். இடுப்பில் பட்டை மாட்டி, கம்பியில் ஓடும் கப்பியில் நம்மைக் கோத்து, தள்ளிவிட்டால் அடுத்த மரத்துக்குப் போய்ச் சேரலாம். காசு கொடுத்து இப்படி ஒரு கஷ்டம் தேவையா என்று ரெண்டுதடவையார் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். மனைவிக்கோ ஒரே குஷி. நூலகத்தில் கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை ஒட்டுகிறவள் அவள். அவள் பார்த்த உயரமெல்லாம் அங்கிருக்கும் ஏணிதான்.

"ஏங்க, முகத்தை ஏன் இப்படி வச்சிருக்கீங்க? ஆபரேஷனுக்கா வந்திருக்கோம்?" என்றாள்.

"நீ சும்மா இரு. கையெழுத்து வாங்குறான் பாரு, என்ன நடந்தாலும் நாங்க பொறுப்பில்லைன்னு. இதுக்கு என்ன அர்த்தம்?"

"அர்த்தம் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம். கையெழுத்தைப் போடுங்க."

எடை பார்த்தார்கள். மனைவி நாற்பத்திரண்டு கிலோ. கம்பியருகில் ஆட்களை அனுப்பும் ஊழியர், ஜலதோஷத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "அம்மா ரொம்ப லேசு. எதிர்க்காத்து அடிச்சா நடுவழியில நின்னுடுவாங்க. பயப்படாதீங்க, அந்தப் பக்கத்து அக்கா வந்து இழுத்துக்குவாங்க" என்றார். வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் தோல் கையுறை போட்ட கையால் தலைக்குப் பின்னால் கம்பியை அழுத்த வேண்டும் என்று ஊழியர் காட்டினார். மகள் இருமுறை செய்து பார்த்தாள். இவர் நான்கு முறை செய்து பார்த்தார்.

"நான் முதல்ல போறேன். கம்பி தாங்குதான்னு தெரியணும்ல" என்றார்.

தைரியத்தில் சொன்னது இல்லை அது. அவர்கள் இருவரும் தனக்கு முன்னால் அந்த வெள்ளைக்குள் போவதை நின்று பார்க்க அவரால் முடியாது, அவ்வளவுதான். கண்ணை மூடினார். யாரோ தள்ளினார்கள். ஈரக்காற்று முகத்தில் அறைந்தது. கண்ணைத் திறந்தபோது எதிர்மரத்து மேடையில் ஒரு பெண் ஊழியர் அவரைப் பிடித்துக் கொக்கியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மழையே இல்லை, ஆனால் இலையெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. மரப்பட்டை தெரியாத அளவுக்குப் பாசி. மேடையிலிருந்து நாலு முழத்துக்கு மேல் கம்பி கண்ணுக்குத் தெரியவில்லை.

அடுத்தது மனைவி. கம்பி பாடுவது கேட்டது. பாட்டு மெல்ல மெல்லக் குறைந்து, மேகத்துக்கு நடுவில் எங்கேயோ நின்றுபோனது.

"என்னங்க! நின்னுட்டேன்!" அவள் குரலில் சிரிப்புத்தான் இருந்தது.

ரெண்டுதடவையார், "அய்யய்யோ, ஆடாதே! கையை விட்டுடாதே!" என்று கத்தினார். ஊழியப் பெண் வாக்கி டாக்கியில் "கொஞ்சம் பொறு" என்று மறுபக்கத்துக்குச் சொல்லிவிட்டு, தன்னைக் கம்பியில் கோத்துக்கொண்டாள்.

"எனக்கு ரெண்டு கையும் வேணும். இதைப் பிடிங்க ஐயா. யாராச்சும் கேட்டா, பொறுன்னு மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் சொல்லிடாதீங்க."

"சரிம்மா. பொறு. பொறுன்னு சொல்றேன்."

கம்பியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்து அவள் வெள்ளைக்குள் மறைந்தாள். அவர் உள்ளுக்குள் பொறு, பொறு என்று பாடம் பண்ணிக்கொண்டே மேகத்தை முறைத்தார். உள்ளே ஒரு நிழலாவது அசையாதா என்று கண் வலிக்கப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான் கையிலிருந்த கருவி கரகரத்தது.

"எல்லாரும் ஏறியாச்சா? ரைட்டா?"

மேடையில் ஏறியாச்சா என்றுதான் அந்த ஜலதோஷக்காரர் கேட்டார். ஆனால் முப்பத்திரண்டு வருடமாக ஓட்டுநர்கள் அதே ஏற்ற இறக்கத்தில் அவரிடம் கேட்ட கேள்வி அது. மூளை யோசிக்கவே இல்லை. கட்டைவிரல் பொத்தானை அழுத்திவிட்டது. வாய் தன் வேலையைச் செய்துவிட்டது.

"போலாம், ரைட்!"

சொன்ன மறுநொடியே புரிந்துவிட்டது. "இல்ல இல்ல, பொறு! பொறுங்க!" என்று கருவிக்குள் கதறினார். பதிலுக்குக் கம்பிதான் பாட ஆரம்பித்தது. மகள் வருகிறாள். அறுபத்தெட்டுக் கிலோ, நடுவில் எங்கேயும் நிற்க மாட்டாள். கம்பியில் அவளுக்கு முன்னால் அவள் அம்மாவும், அம்மாவை இழுக்கும் பெண்ணும் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள். மோதினால் யாருக்கு எது மிஞ்சும்! பாவி, என் கையாலேயே கொன்றுவிட்டேனே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

கருவியைக் கீழே போட்டார். மேடைக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, ஆயுசில் சேர்த்து வைத்த குரலையெல்லாம் திரட்டிக் கத்தினார்.

"ஹோல்டான்! ஹோல்டாஆன்!"

பேருந்தை நிறுத்தச் சொல்லும் வார்த்தை. வீட்டிலும் அதேதான். சாலை ஓரம், குளத்துப் படி, ஊஞ்சல் என்று மகள் எங்கே தடம் மாறினாலும் அப்பாவின் வாயிலிருந்து அதுதான் வரும். ஏன் எதற்கு என்று கேட்காமல் நிற்பது அவளுக்கு இரண்டு வயதிலேயே பழகிப்போனது. மேகத்துக்குள் தோல் கையுறை கம்பியைத் தேய்க்கும் கிறீச்சென்ற சத்தம் எழுந்தது. நீளமாகப் போய் அடங்கியது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

"அப்பா! நின்னுட்டேன்ப்பா! முன்னாடி ரெண்டு பேர் தொங்குறாங்க! கால் நீட்டினா தொட்டுடுவேன்!"

அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டார். ஊழியப் பெண் மனைவியை இழுத்து வந்து மேடையில் ஏற்றினாள். கீழே கிடந்த கருவியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. "வந்து பேசிக்கிறேன் ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டு, மகளைக் கூட்டிவரத் திரும்பவும் கம்பியில் போனாள்.

மனைவியின் தலைமுடியெல்லாம் நீர்த்துளி. சின்னப் பெண் போலச் சிரித்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஒண்ணு சொல்லவா? அங்க தொங்குறப்போ எனக்கும் கொஞ்சம் பயம் வந்துச்சுங்க. கீழே ஒண்ணுமே தெரியல. அந்தப் பொண்ணு கையை உடும்பா பிடிச்சுக்கிட்டேன். அப்பத்தான் உங்க ரைட் கேட்டுது. ஆஹா, இவர் பார்த்துட்டாரு, இனி ஒண்ணும் ஆகாதுன்னு அவ கையை விட்டுட்டேன். நம்ம பொண்ணை அனுப்பினதும் நீங்க, சரியான இடத்துல நிறுத்தினதும் நீங்க. பூங்காக்காரங்களே தோத்தாங்க போங்க."

அவர் பேசாமல் இருந்திருக்கலாம். தலையை ஆட்டியிருந்தால் போதும்.

"பார்க்கல" என்றார்.

"என்னது?"

"எனக்கு எதுவுமே தெரியலடி. பார்க்காமத்தான் ரைட் கொடுத்தேன். வாய் தவறி வந்துடுச்சு. அவ உங்க ரெண்டு பேர் மேலயும் மோதத்தான் வந்துக்கிட்டிருந்தா."

அவள் சிரிப்பு நின்றது. அவர் முகத்தைப் பார்த்தாள். மகள் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும் மேகத்தைப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் பிடிமானத்துக்குக் கையை நீட்டினாள், ஆனால் அவர் நீட்டிய கையைப் பிடிக்காமல் மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.