ரெண்டு ஒயர்க்காரி

என் மருமகளுக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தவர் என் மாப்பிள்ளை. இப்போது அந்த இரண்டு ஒயரையும் அவர் கையாலேயே மாட்ட வைக்கிறாள் அவள். இருவரும் என் வீட்டு மனிதர்கள். ஒருத்தி என் மகனைக் கட்டியவள், ஒருவர் என் மகளைக் கட்டியவர். நான் யார் பக்கம் என்று பலர் கேட்டாகிவிட்டது. முப்பது வருஷம் வார்டில் நர்ஸாக இருந்தவள் நான். யார் என்ன செய்தார்கள் என்று பார்த்துத்தான் பக்கம் சாய்வேன்.

மருத்துவமனைகள் எடுக்கும் ஸ்கேன் படங்களைச் சேமித்து வைக்கும் ஒரு கம்பெனியில் மாப்பிள்ளை சர்வர் அறைக்குத் தலைவர். மருமகள் அங்கே எட்டு வருஷம் சர்வர் பொருத்துபவளாக இருந்தாள். வேலையை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அதை வாரத்துக்கு ஒரு தடவையாவது யாரிடமாவது சொல்லிவிடுவார்.

சர்வர் பெட்டியின் மூடிக்கு அடியில் சின்னதாக ஒரு பொத்தான் இருக்கும். அதிலிருந்து நூல் மாதிரி இரண்டு ஒயர் வரும். அதை மதர்போர்டின் மூலையில் செருகினால், மூடியை யாராவது திறக்கும்போதெல்லாம் போர்டுக்குத் தெரிந்துவிடும். அது இல்லாமலும் சர்வர் ஓடும் என்பதால் பெரும்பாலானவர்கள் அந்த ஒயரைச் சுருட்டி ஓரமாகத் தள்ளிவிடுவார்களாம். மருமகள் ஒரு பெட்டியில்கூட அதை விட்டதில்லை. செருகிவிட்டு, உடனே போர்டின் கடிகாரத்தைச் சரியான நேரத்துக்கு வைப்பாள். அதற்குப் பிறகுதான் மற்ற வேலை.

"வந்துட்டாங்கப்பா ரெண்டு ஒயர்க்காரி! இனிமே மூடியைத் தொட்டா போலீஸ் வரும்" என்பார் மாப்பிள்ளை. அறையே சிரிக்கும். அவளும் சிரித்துவிட்டு ஒயரைச் செருகுவாள்.

போன வருஷம் இரண்டு பிராசஸர் பொருத்தும் பெரிய போர்டு ஒன்று வந்தது. கம்பெனியின் மொத்தப் படங்களும் அதற்குத்தான் மாறப்போகின்றன. மருமகள் காலையில் ஆரம்பித்தாள். பிராசஸர் உட்காரும் சாக்கெட்டில் மயிரிழை கனத்தில் ஆயிரக்கணக்கான தங்க ஊசிகள் நிற்கும். பிராசஸரின் ஒரு மூலையில் சின்ன முக்கோணம் இருக்கும்; சாக்கெட்டின் முக்கோணத்துக்கு நேராக அதைப் பிடித்து, அழுத்தாமல், நேர்க்குத்தாக இறக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் ஊசிகள் படுத்துவிடும். பிறகு அதன் முதுகில் சாம்பல் நிறப் பசை, பசைமேல் சூடு இழுக்கும் உலோகக் கட்டை. கட்டையின் ஸ்குரூக்களில் ஒன்று, இரண்டு என்று எண் போட்டிருக்கும். அந்த வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். மெமரிப் பட்டைகளை இரண்டு பிராசஸருக்கும் சமமாகப் பிரித்துச் செருக வேண்டும். ஒரு பிள்ளைக்குக் கூடுதலாகப் பரிமாறினால் இன்னொன்று முரண்டு பிடிக்குமே, அப்படித்தான் இதுவும். நான்கு மணிக்கு இரண்டு பிராசஸரும் திரையில் தெரிந்தன, மெமரி முழுசாகக் கணக்குக் காட்டியது. நான்கு பத்துக்கு வாசல் கருவியில் விரலை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மறுநாள் காலை இரண்டாவது பிராசஸரைக் காணோம் என்றது சர்வர். பாதி மெமரியும் போயிருந்தது. கழற்றிப் பார்த்தால் இரண்டாவது சாக்கெட்டில் பத்துப் பன்னிரண்டு ஊசிகள் மிதிபட்ட புல் மாதிரிக் கிடந்தன.

முதலாளியம்மா வந்தார். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு சொன்னாராம்: "கை நடுக்கம் மேடம். ரொம்ப நாளா பாக்கறேன். சொந்தக்காரப் பொண்ணாச்சேன்னு சொல்லாம விட்டது என் தப்பு."

"யாரோ மூடியைத் திறந்திருக்காங்க அண்ணா. போர்டுல பதிவு இருக்கும், பாருங்க" என்றாள் மருமகள்.

"நான் பார்த்தாச்சு. ஒண்ணுமில்ல. உனக்கப்புறம் பேயா வந்து திறந்துச்சு?"

கீபோர்டுப் பக்கமே அவளை விடவில்லை. ஊசி வளைந்த போர்டுக்கு விற்றவர்கள் பொறுப்பேற்க மாட்டார்கள். மத்தியானத்துக்குள் அவளை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். வாசல் வரை வந்த மாப்பிள்ளை அந்தப் போர்டைப் பையில் போட்டு அவள் கையில் கொடுத்தார். "வீட்டுல மாட்டி வை தங்கச்சி. ஞாபகத்துக்கு இருக்கட்டும்."

அன்று சாயங்காலம் அவள் அழவில்லை. "அத்தை, என் கை நடுங்குதா?" என்று மட்டும் கேட்டாள். கையை முன்னால் நீட்டி விரலை விரிக்கச் சொன்னேன். விரல்கள்மேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்தேன். நடுக்கம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தாளின் ஓரத்தில் தெரிந்துவிடும். வார்டில் நாங்கள் செய்வது. அறுபது எண்ணினேன். தாள் அசையவில்லை.

"உன் கைக்கு ஒண்ணுமில்ல. அந்த ஆளோட வாய்லதான் கோளாறு" என்றேன்.

வேறு கம்பெனிகளுக்குப் போனாள். கை நடுக்கம் என்ற சேதி அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. கடைசியில் ஒரு செல்போன் கடையில் உடைந்த கண்ணாடி மாற்றும் வேலை கிடைத்தது. என் மகன் நல்லவன்தான், ஆனால் சண்டை என்றால் சட்டையைத் தேடுவான், வெளியே போக. "விட்டுத்தொலை, அக்கா வீட்டுக்காரர், என்ன பண்ண முடியும்?" என்றான். போர்டு கட்டிலுக்கு அடியில் பதினோரு மாதம் கிடந்தது.

பன்னிரண்டாவது மாதம் என் மகள் படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டாள். அவளைக் குளிப்பாட்டித் துணி மாற்றிவிட நான் அங்கே போய்த் தங்கினேன். மாத்திரை கொடுக்க வந்த மருமகள் வாசலோடு திரும்பப் பார்த்தாள். நான்தான் உள்ளே கூப்பிட்டேன். கூடத்தில் பெரிதாகச் சட்டம் போட்டு ஒரு போட்டோ: மாப்பிள்ளை திறந்த சர்வருக்குப் பக்கத்தில், கையில் பிராசஸரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சினிமாக்காரர் மாதிரி சிரிக்கிறார்.

"கையில சாம்பல் கலர்ல அப்பியிருக்கே, என்ன களிம்பு அது?" என்று சும்மாதான் கேட்டேன்.

மருமகள் போட்டோவுக்குக் கிட்டே போனாள். மூக்கு கண்ணாடியில் இடிக்கும் அளவுக்குப் போனாள். செல்போனில் அதை ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பும்போது அவள் முகம் வேறு மாதிரி இருந்தது.

வெளியே தெருவில்தான் சொன்னாள். "புது பிராசஸர்ல பசை இருக்காது அத்தை. சாக்கெட்டுல வச்சப்புறம்தான் தடவுவோம். படத்துல இருக்கிறது அந்த ரெண்டு சாக்கெட் போர்டுதான். பசையோட கையில இருக்குன்னா நான் மாட்டினதைக் கழட்டியிருக்காரு. போட்டோ எடுக்க! திரும்ப வைக்கத் தெரியாம வச்சிருக்காரு." கொஞ்ச தூரம் நடந்தாள். "பின்னாடி பவர் ஒயரைக்கூடப் பிடுங்கல. விளக்கு எரியுது. இந்த ஆளுக்கு ஒண்ணுமே தெரியாது அத்தை. பதிவைப் பார்த்தாச்சுன்னு சொன்னாரே, பார்த்திருந்தா அழிச்சிருப்பாருன்னு நினைச்சு நானும் விட்டுட்டேன். அது எங்க இருக்குன்னே அவருக்குத் தெரிஞ்சிருக்காது!"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேஜையைத் துடைத்துப் போர்டை வைத்தாள். எங்கிருந்தோ ஒரு பவர் சப்ளை கொண்டுவந்திருந்தாள். பிராசஸர் ஒன்றுகூட இல்லையே, இது எப்படிப் பேசும் என்று கேட்டேன். ஓரத்தில் இருந்த நகம் அளவு சிப்பைக் காட்டினாள். பெரிய பிராசஸர்கள் இருந்தாலும் போனாலும் மின்சாரம் இருக்கும்வரை அது விழித்திருக்குமாம். நடப்பதையெல்லாம் தேதி, மணி போட்டு எழுதிக்கொள்ளுமாம். மின்சாரம் போனாலும் எழுதியது அழியாதாம். டியூட்டி நர்ஸ் என்று புரிந்துகொண்டேன்.

பச்சை விளக்கு சிமிட்டியது. லேப்டாப்பில் அவள் பழைய கடவுச்சொல்லைப் போட்டாள். அதைக்கூட யாரும் மாற்றியிருக்கவில்லை. வரிகள் வந்தன. அவள் அதை மாட்டிய நாளின் தேதியில், மாலை 6.12, மூடி திறக்கப்பட்டது. 6.41, மூடி மூடப்பட்டது. 6.44, இரண்டாவது பிராசஸர் இல்லை.

"இப்பவே போய் அந்தம்மா மேஜையில வச்சிடுவோம்" என்று நான் செருப்பைத் தேடினேன்.

"வேண்டாம் அத்தை. புது சர்வர் ஒண்ணு வருதாம். நான் போனப்புறம் வெளியூர் ஆளை வச்சு மாட்டினாரு, அந்த ஆள் இப்ப இல்ல. அவரே வருவாரு, பாருங்க."

மூன்று வாரத்தில் வந்தார். ஆப்பிள் பையோடு.

"என்ன தங்கச்சி, செல்போன் கடையெல்லாம் உன் திறமைக்கா? ஒரு நாள் வந்து கூட நில்லேன். எனக்கு ஸ்குரூ எடுத்துக் கொடுக்க ஆள் வேணும்னு மேடம்கிட்ட சொல்லியிருக்கேன். மேடமும் பாக்கணும்கிறாங்க. கை உன்னோடது, பேச்சு என்னோடது. உனக்கும் திரும்ப உள்ள வர ஒரு வழி."

"சரிங்கண்ணா" என்றாள். அவ்வளவு பணிவை நான் அவளிடம் பார்த்ததே இல்லை. எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

போவதற்கு முதல்நாள் துணி மடித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "ஒரே ஒரு கட்டையை ஒழுங்கா முறுக்காம விட்டா போதும் அத்தை. ரெண்டு வாரம் ஓடிட்டுப் படுத்துக்கும். எல்லாம் அவர் தலையில விழும்."

"அதுல இருக்கிறது யார் படம்?"

"நோயாளிங்க படம்."

"டாக்டர் மேல கோபம்னா நோயாளியைக் கிள்ளுவியா?"

அவள் துணியை வைத்துவிட்டாள். "இல்ல."

"அப்ப டாக்டரையே கிள்ளு. நல்லா, திருகிக் கிள்ளு."

நானும் கூடப் போனேன். மருமகளுக்கு மதியச் சாப்பாடு என்று ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கிழவி போனால் யாரும் தடுப்பதில்லை. சாப்பாட்டுக்கு அடியில் பழைய போர்டு இருந்தது.

முதலாளியம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மருமகள் உடம்பு மின்சாரம் போர்டில் பாயாமல் தடுக்கும் பட்டையை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு போர்டைப் பெட்டிக்குள் இறக்கினாள். "நான் பக்கத்துல நின்னு சொன்னா அவ கை நடுங்காது மேடம்" என்று மாப்பிள்ளை கைகளை ஆட்டிப் பேசினார். "இப்ப நாம முதல் பிராசஸரை இறக்கறோம் மேடம், ரொம்ப நிதானம் வேணும்." அவள் இறக்கினாள். பசை, கட்டை, ஸ்குரூ ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. "பார்த்தீங்களா மேடம், நான் சொன்ன வரிசை."

அவள் நிமிர்ந்தாள். "ரெண்டாவதை நீங்க இறக்குங்கண்ணா."

"நீயே செய்ம்மா, நான் சொல்றேன்ல."

"போன தடவை நீங்கதானே இறக்கினீங்க? சாயங்காலம் ஆறே காலுக்கு."

நான் பையிலிருந்து சாப்பாட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் போர்டைக் கொடுத்தேன். பக்கத்து மேஜையில் இருந்த பவர் சப்ளையை அதில் இணைத்தாள். திரையில் அதே மூன்று வரி வந்தது. கூடவே தன் செல்போனில் கூடத்துப் போட்டோவின் படத்தையும் நீட்டிப் பசையைக் காட்டினாள்.

"இதெல்லாம் கடிகாரத்தை மாத்தி யார் வேணா பண்ணலாம் மேடம்" என்றார் மாப்பிள்ளை.

முதலாளியம்மா அதிகம் பேசுகிறவர் இல்லை. வாசல் கருவியின் அந்த நாள் பதிவை எடுக்கச் சொன்னார். மருமகள் வெளியேறியது 4.10. மாப்பிள்ளை வெளியேறியது 6.53.

"பேய் விரல் வச்சிட்டுப் போயிருக்கு" என்றேன் நான். என்னால் அடக்க முடியவில்லை.

"இல்ல மேடம், நான் சும்மா செக் பண்ணத்தான்..."

"செக் பண்ணத் தெரியும்னா மாட்டவும் தெரியுமே" என்றார் முதலாளியம்மா. "மாட்டிக் காட்டுங்க."

மாப்பிள்ளை பிராசஸரை எடுத்தார். ஏசி அறையில் நெற்றியிலிருந்து வேர்வை வடிந்தது. முக்கோணம் எதிர்மூலையில் இருந்தது, எனக்கே தெரிந்தது. கை சாக்கெட்டுக்குமேல் போய் நின்றது, விரல் நுனிகள் படபடவென்று ஆடின. மருமகள் பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் தடுக்கவில்லை. ஒரு விரற்கடை இடைவெளி இருக்கும்போதுதான் அவள் கையை நீட்டிச் சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியை மேலே வைத்தாள்.

"போதும்ணா. கை நடுங்குது."

முதலாளியம்மா அவரை அன்றே அனுப்பத் தயாராக இருந்தார். வேண்டாம் என்று சொன்னவள் மருமகள்தான். இரக்கம் என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டார். நானும் ஒரு நொடி அப்படித்தான் நினைத்தேன்.

"அனுப்பினா ஒரே நாள்ல முடிஞ்சிடும் மேடம். தலைவர் வேலையை எனக்குக் கொடுங்க. அண்ணா எனக்கு ஸ்குரூ எடுத்துக் கொடுக்கட்டும்."

வேறு எங்கே போனாலும் விஷயம் முன்னால் போய் உட்கார்ந்திருக்கும் என்று மாப்பிள்ளைக்குத் தெரியும். அதனால் இருந்துவிட்டார். பழைய போர்டு அவர் மேஜைக்கு நேர் மேலே சுவரில் மாட்டியிருக்கிறது, வளைந்த ஊசிகள் வெளியே தெரிகிற மாதிரி. எந்தப் பெட்டி வந்தாலும் அந்த இரண்டு ஒயரைச் செருகுவது அவர் வேலை. செருகுவதற்கு முன்னால் எல்லோர் முன்னிலையிலும் கையை நீட்ட வேண்டும். மருமகள் விரல்கள்மேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்து அறுபது எண்ணுவாள். தாள் ஆடினால் அன்றைக்குத் தொடக்கூடாது, ஓரமாக நிற்க வேண்டும். பெரும்பாலும் ஆடுகிறது என்று கேள்வி.

என் மகளின் கால் கூடிவிட்டது, நடக்கிறாள். என்னோடு பேச்சை நிறுத்தியிருந்தவள் போன வாரம் போனில் கூப்பிட்டாள்; நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, அவர் ராத்திரி சரியா சாப்பிடறதில்ல. அந்தத் தாளையாவது நிறுத்தச் சொல்லும்மா. எவ்வளவு நாளைக்குத்தான்?"

சாப்பாட்டுக்கு என்ன கொடுக்கலாம் என்று விவரமாகச் சொன்னேன். பிறகு மருமகளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் மேஜையில் தன் புது அடையாள அட்டைக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. இடது கையின் ஐந்து விரலையும் தூக்கிக் காட்டினாள்.

"அந்தப் போர்டு அவ கட்டிலுக்கு அடியில கிடந்தது பதினோரு மாசம்" என்றேன் மகளிடம். "இப்ப ஆறுதான் முடிஞ்சிருக்கு."