அசுந்தாவின் கூரைமேல் ஒரு வண்டி

என் மனைவி பிரூனா மூன்று சக்கர வண்டியில் வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு மத்தேராவின் பாறைக் குடியிருப்பைச் சுற்றிக் காட்டிவந்தாள். பாரித் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்குகிறவர்கள் இங்கே வந்து சேர மதியமாகிவிடும். சாயங்காலத்துக்குள் திரும்பியாக வேண்டும். அதனால் ஊர் உறங்கும் நேரம்தான் அவளுக்கு வேலை நேரம்.

பாறையை அடுக்கடுக்காகக் குடைந்த எங்கள் ஊரில் ஒரு வீட்டின் கூரைதான் மேல்வீட்டுக்குத் தெரு. கிணற்றுச் சந்தின் மேல்முனைக்கு வந்ததும் பிரூனா இன்ஜினை அணைத்துவிடுவாள். வண்டி சரிவில் தானாக உருளும். கெட்டுப்போய்விட்டதோ என்று பயணிகள் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். அவள் உதட்டில் விரல் வைத்துத் தரையைக் காட்டுவாள். கீழே ஆட்கள் தூங்குகிறார்கள் என்று அர்த்தம். சந்தின் கடைசியில் கிணற்றடியில் சிறு மேடு ஒன்று உண்டு. சரிவில் வந்த வேகத்திலேயே அதையும் ஏறிவிட வேண்டும்; எங்கேயாவது பிரேக்கைத் தொட்டால் போச்சு.

மற்ற ஓட்டுநர்களுக்கு இது வேடிக்கை. மிம்மோ என்பவன் பாட்டை அலறவிட்டுக்கொண்டுதான் ஓட்டுவான். “என்னக்கா, பெட்ரோல் மிச்சம் பிடிச்சு பங்களா கட்டப் போறியா?” என்பான். “கட்டுறேன், உன் தலைக்கு மேலயே கட்டுறேன்” என்பாள் இவள்.

பிரூனா அந்தப் பாறைக்குள் பிறந்தவள். ஜனங்கள் குகையில் வாழ்வது நாட்டுக்கே வெட்கம் என்று பெரிய மனிதர்கள் எங்கள் ஊரைப் பற்றிப் பேசிய காலம் அது. அவளுக்கு ஏழு வயதாகும்போது குடும்பத்தை மேலே புதுக் குடியிருப்புக்கு மாற்றினார்கள். பிறந்த இடம் எது என்று கேட்டால் அவள் அண்ணன்மார் புதுக் குடியிருப்பின் பெயரைச் சொல்லுவார்கள். பிரூனா பாறையைத்தான் சொல்லுவாள். நெடுங்காலம் சோபா தொழிற்சாலையில் உறை தைத்தாள். தொழிற்சாலை ஆளைக் குறைத்தபோது ஒரு பழைய வண்டியை வாங்கி, மிச்சத் தோல்களைச் சேர்த்துத் தன் கையாலேயே இருக்கைகளுக்கு உறை தைத்துப் போட்டாள். பள்ளிக்கூட வாத்தியாரான நான், இந்த வயதில் இது தேவையா என்றேன். அவள் அளவெடுக்கும் நாடாவை என் கழுத்தில் மாட்டிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

பரிதாபக் கதை சொல்ல மாட்டாள். “கோவேறு கழுதையோடவா ஒரே அறையில தூங்குனீங்க?” என்று ஒரு பெண்மணி மூக்கைச் சுருக்கிக் கேட்டாளாம். “ஆமாம்மா. குளிர்காலத்துல அதைவிட நல்ல அடுப்பு கிடையாது. குறட்டையும் எங்கப்பாவைவிடக் கம்மி” என்றாளாம் இவள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, கிணற்றுச் சந்தில் மூன்று சக்கர வண்டிகளையே தடை செய்யப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. புகார் கொடுத்தவள் அசுந்தா. ஆஸ்பத்திரியில் இரவுப்பணி நர்ஸ். சந்துக்கு அடியில் இருந்த பழைய வீட்டைச் செப்பனிட்டுக் குடிவந்தவள். பகலில்தான் தூங்க வேண்டும். அவள் கேட்டதில் தப்பே இல்லை என்று பிரூனாவே சொன்னாள். ஆனால் பிரூனா பிறந்த வீட்டு முற்றம் அந்தச் சந்தின் முடிவில் இருந்தது. மறுபக்கச் சாலை வெளியேற மட்டும்தான்; வண்டி உள்ளே போக வேறு வழி கிடையாது. அன்று இரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

“அந்தச் சந்து இல்லேன்னா நான் வெறும் டிரைவர்தான், வாத்தியாரே” என்றாள். “அது இருந்தாத்தான் ஊர்க்காரி.”

முடிவெடுக்கும் முன் நகராட்சி அதிகாரி ஒருவர், கீழே உட்கார்ந்து தானே கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். ஓட்டுநர் யாராவது ஒருவரின் வீட்டாளும் கூட இருக்கட்டும் என்றாள் அசுந்தா. என்னை அனுப்பினார்கள். மதியச் சாப்பாடு முடிந்து அவளுடைய படுக்கையறையில் மூன்று பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். அசுந்தா காப்பி கொடுத்தாள். அவள் கண்கள் சிவந்திருந்தன.

முதல் வண்டி போனது. பக்கத்துச் சமையலறையில் தொங்கிய கரண்டிகள் ஒன்றோடொன்று உரசின. இரண்டாவது மிம்மோவுடையது. பாட்டு, ஹாரன், இன்ஜின் எல்லாம் மண்டைக்குள்ளேயே ஓடின. சுண்ணாம்புத் தூள் அதிகாரியின் காப்பிக்குள் விழுந்தது. அவர் கோப்பையைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

பிறகு ஒன்றும் இல்லை. காத்திருந்தோம். “உங்க வீட்டம்மா வரலியா?” என்றார் அதிகாரி. எனக்குத் தெரியவில்லை. அப்போது தலைக்கு மேல் பல காலடிகள் மெதுவாக நகர்ந்தன. யாரோ பருமனான ஆள் மூச்சு வாங்கினார். பிரூனா அடங்கிய குரலில் சொல்வது கேட்டது: “தள்ளு. பேசாம தள்ளு, மிம்மோ.”

பிறகுதான் தெரிந்தது: அவள் தோற்பதைப் பார்க்க மிம்மோ கிணற்றடியிலேயே பாதி வழியை அடைத்து வண்டியை நிறுத்தியிருக்கிறான். அதனால் இவள் பிரேக் பிடிக்க வேண்டியதாயிற்று. வேகம் போய்விட்டது. மேடு முன்னால். சாவியை ஒருமுறை திருகியிருந்தால் ஏறியிருக்கும். அவள் திருகவில்லை. பயணிகளாக வந்திருந்த வயதான டச்சுத் தம்பதியை இறக்கித் தள்ள வைத்திருக்கிறாள். வேடிக்கை பார்க்க வந்தவனையும் சேர்த்து.

அதிகாரி சிரிப்பை அடக்க முடியாமல் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். அசுந்தா சிரிக்கவில்லை. கதவைத் திறந்து படியேறினாள். நாங்களும் பின்னால் போனோம். மேட்டின்மேல் வண்டி நின்றது. பிரூனாவின் கழுத்தெல்லாம் வேர்வை.

“நீ தினமும் இந்த வழியாவா போற?” என்றாள் அசுந்தா.

“நீ வர்றதுக்கு முன்னாலிருந்தே போறேன்.”

“ஒரு நாள்கூட எனக்குத் தெரியலியே.”

பிரூனா புறங்கையால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

அசுந்தா அதிகாரியிடம் திரும்பினாள். “இவ போகட்டும். மத்தவங்களுக்கும் இப்படிப் போகத் தெரிஞ்சா போகட்டும். இல்லேன்னா மேலயே நிறுத்திட்டு நடக்கட்டும்.” மதியத்தில் இன்ஜின் அணைத்த வண்டிக்கு மட்டும் அனுமதி என்றே பிறகு உத்தரவு வந்தது. மிம்மோ மேட்டில் ஏறக் கற்றுக்கொள்ளப் பல நாள் பிடித்தது. கிணற்றுச் சுவரில் அவன் வண்டியின் நீலப் பெயின்ட் இன்னும் ஒட்டியிருக்கிறது.

அன்று மாலை என்னைப் பின்னிருக்கையில் பயணிபோல உட்கார வைத்து வீட்டுக்கு அழைத்துப் போனாள். சந்துகளைத் தாண்டி, புதுக் குடியிருப்புக்குப் போகும் அகலமான சாலையில் ஏறும்வரை வண்டியை மெல்ல ஊரவிட்டாள். அந்தச் சாலைக்குக் கீழே வீடு எதுவும் இல்லை, வெறும் மண்தான். அங்கே போனதும் ஹாரனில் கையை வைத்தவள், எங்கள் வாசல் வரை எடுக்கவே இல்லை.