ஐஸ் உடைக்கும் கை

தினமும் தன் வீட்டுக்குள் நுழையுமுன் சந்திரமோகன் எதிர்வீட்டு ராமலிங்கத்தின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் தெருவே ராமலிங்கத்தைச் 'சொல்தா' என்றுதான் கூப்பிடும். பகல் பதினொரு மணிக்கு அவரும் வாசலில் நாற்காலி போட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தயாராக இருப்பார்.

"வாய்யா டாக்டரு. இன்னிக்குப் பொழைப்பனா?"

"நெருப்பா கொதிக்குது சொல்தா."

"அப்ப ஒன் கைதான் இன்னும் வெறைச்சிருக்கு. போ, வெயில்ல நில்லு."

போய் நிற்பார். விடியற்காலையிலிருந்து குருசுக்குப்பம் கரையில் ஐஸ் பார்களை உடைத்து மீன் பெட்டிகளில் நிரப்பும் கைகள் அவை. அந்தக் கைகளுக்கு உலகமே காய்ச்சலில் படுத்திருப்பதாகத் தோன்றும்.

உள்ளே இருப்பவள் பாக்யலட்சுமி, ஏழு வயது மகள். சுனாமிக்கு அடுத்த வருஷம் ரத்தப் புற்றுநோய் என்றார்கள். ஒவ்வொரு முறை மருந்து ஏற்றிய பிறகும் ரத்த அணுக்கள் குறைந்துபோகும். "கவுண்டு எறங்கிடுச்சு" என்பார் அவள் அம்மா சாந்தி. அந்த நாட்களில் காய்ச்சல் நூறு புள்ளி நாலைத் தொட்டால் ஒரு மணி நேரத்துக்குள் வரவேண்டும் என்று ஆஸ்பத்திரித் தாளில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. அதைப் படித்துச் சொல்லத்தான், அதே தெருவில் குடியிருக்கும் நான் முதன்முதலாக அந்த வீட்டுக்குப் போனேன்.

போன ஐப்பசியில் மூன்று முறை சந்திரமோகன், உடம்பு கொதிக்கிறது என்று மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மூன்று முறையும் அங்கே வைத்துப் பார்த்தால் காய்ச்சல் இல்லை. நான்காம் முறை, ஐஸ் பிடித்த கை பொய் சொல்கிறது என்று பேசாமல் இருந்துவிட்டார். அன்றைக்குக் கை பொய் சொல்லவில்லை. பன்னிரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார்.

அதன்பிறகு வீட்டுக்குத் தெர்மாமீட்டர் வந்தது. ஆனாலும் முதலில் கைதான். "மெஷினுக்கு அவ யாருன்னு தெரியாது" என்கிறார்.

வாயெல்லாம் புண்ணாகி அவள் சாப்பிட முடியாத நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்து ஐஸ் கதை சொல்வார். குரலே மாறிவிடும்.

"இன்னிக்கு ஒரு பாருக்குள்ள தெரு ஒண்ணு பாத்தேன் பாப்பா. பீச் ரோடு மாதிரி. எல்லாம் வெள்ள."

"நா இருந்தனா?"

"சைக்கிள் ஓட்டினு போன. முடியெல்லாம் பறக்குது."

முடியில்லாத தலையைத் தடவிக்கொண்டே அவள் அந்தத் தெருவுக்குள் போய்விடுவாள். ஜன்னலில் கட்டிய புடவை, கடற்காற்றில் புடைப்பதும் தாழ்வதுமாக இருக்கும்.

மாசி மகத்துக்கு முதல் நாள் நான் போனபோதும் அந்தப் புடவை அப்படித்தான் அசைந்துகொண்டிருந்தது. மறுநாள் வைத்திக்குப்பம் கடலுக்குச் சாமிகள் வரும். பாக்யா மாஸ்க் போட்டுக்கொண்டு சொல்தா வீட்டு மாடியிலிருந்து பார்ப்பது என்று ஒரு மாதமாக ஏற்பாடு. கவுண்டு இறங்கி மூன்று நாள் ஆகியிருந்தது. சந்திரமோகன் வெயிலில் நின்றுவிட்டு வந்து மகளின் நெற்றியைத் தொட்டார். தெர்மாமீட்டரை அவள் அக்குளில் வைத்தார்.

நூறு புள்ளி இரண்டு.

"இன்னும் ரெண்டு பாயிண்டு இருக்குதே" என்றார் சாந்தி. "ஒரு மணி நேரம் பாக்கலாங்க. கொழந்த ஆசையா இருக்குது."

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா" என்றாள் பாக்யா, கண்ணைத் திறக்காமல். "சாமி பாத்துட்டுப் போலாம்."

"அன்னிக்கும் பாக்கலாம்னுதான் பாத்தேன்" என்றார் சந்திரமோகன்.

சாந்தி ஆட்டோ பிடிக்கத் தெருமுனைக்கு ஓடினார்.

சந்திரமோகன் அலமாரிக்கு அடியில் கையை விட்டு மகளின் செருப்பை எடுத்தார். சிவப்பு வார் வைத்த செருப்பு. போட்டே பல வாரம் ஆகியிருக்கும். தூசியை வேட்டியில் துடைத்து, மண்டியிட்டு, ஒவ்வொரு காலாக மாட்டினார். வாரை இழுத்து, விரலை உள்ளே விட்டு இறுக்கம் பார்த்து, ஒரு ஓட்டை தளர்த்திப் போட்டார். பிறகு அவளை அப்படியே இரு கைகளிலும் தூக்கிக்கொண்டு, செருப்பு மண்ணில் படாமல், தெருமுனை வரைக்கும் நடந்தார்.